தோட்டத்துக் குறிகள்

மொழி பொருளை உணர்த்துவது குறிகளால். ஓர் ஒலித்தொடர் ஒரு பொருளுக்குப் பதிலாக நிற்கிறது. அந்த மொழியைப் பேசுவோர் எல்லோரும் அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள். 'மரம்' என்ற சொல்லில் வேரும் இல்லை, கிளையும் இல்லை. தெலுங்கர் சொல்லும் 'செட்டு' என்பதிலும் இல்லை. இப்படிக் காரணம் தெரியாமல் வழங்கும் பெயரை நன்னூல் இடுகுறிப்பெயர் என்கிறது. பறப்பதால் பறவை என்பதுபோலக் காரணம் வெளிப்படையாக உள்ளதைக் காரணப்பெயர் என்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார் செய்த இந்தப் பாகுபாட்டைத் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஐரோப்பாவில் இதே கருத்து மொழியியலின் அடித்தளமானது இருபதாம் நூற்றாண்டில்தான். ஜெனீவா பல்கலைக்கழகத்தில் ஃபெர்டினாண்ட் டி சொசூர் 1907க்கும் 1911க்கும் இடையே நடத்திய வகுப்புகளை, அவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து 1916இல் நூலாக்கி வெளியிட்டார்கள். குறி என்பது ஒலி வடிவமும் கருத்தும் ஒட்டிய இரட்டை என்றும், அந்த ஒட்டுக்கு இயற்கையான காரணம் எதுவும் கிடையாது என்றும் அந்த நூல் சொன்னது. தொல்காப்பியரின் நிலை இதிலிருந்து சற்றே விலகியது. சொல் ஒரு பொருளைக் குறிப்பதற்கான காரணம் பளிச்சென்று தோன்றாது என்பதே உரியியலில் அவர் சொல்வது. காரணம் உண்டு, ஆனால் எல்லோர் கண்ணுக்கும் படாது என்று உரையாசிரியர்கள் இதை விளக்கினார்கள். காரணமே இல்லை என்பதற்கும் காரணம் புலப்படாது என்பதற்கும் உள்ள இடைவெளி சிறியதாகத் தோன்றலாம். வரலாற்று ஆசிரியருக்கு வேலை இருப்பது அந்த இடைவெளியில்தான்.

பெரும்பாலான சொற்களின் பிறப்பு எட்டாத காலத்தில் நிகழ்ந்துவிட்டது. 'மரம்' என்று முதலில் சொன்னது யார் என்று தேட முடியாது. தேயிலைத் தோட்டத்தின் சொற்கள் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றில் பலவற்றுக்கு வயது இருநூறைத் தாண்டாது. எந்த மொழியிலிருந்து வந்தன, எதற்காக வந்தன, யார் யாருக்குச் சொன்னது என்பதெல்லாம் ஓரளவு தெரியும். நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பந்தலூர் வட்டத்தில் உள்ள சேரங்கோடு இதைப் பார்க்க ஏற்ற இடம். மூன்று மாநிலங்களின் எல்லை அருகே, பல மொழிகளுக்கு நடுவே, கடல் தாண்டித் திரும்பிய ஒரு தமிழ் இங்கே தங்கியிருக்கிறது.

சேரங்கோடு நீலகிரியைச் சேர்ந்தது பிற்காலத்தில்தான். மலபார் மாவட்டத்து வயநாட்டின் தென்கிழக்குப் பகுதியில் நம்பாலக்கோடு, சேரங்கோடு, முனநாடு என மூன்று அம்சங்கள் இருந்தன. அம்சம் என்பது மலபாரின் வருவாய் அலகு. இந்த மூன்றையும் 1877இல் நீலகிரியோடு இணைத்தார்கள். ஊட்டியும் குன்னூரும் நிற்கும் மேட்டு நிலத்துக்கும் இதற்கும் உயரம், மழை, மக்கள், பேச்சு எல்லாமே வேறு. ஊர்ப்பெயரின் இறுதியில் உள்ள 'கோடு' மலைமுகட்டைக் குறிக்கும் பழஞ்சொல். வயநாட்டு ஊர்ப்பெயர்கள் பலவற்றில் அது உண்டு. முன்பகுதியைச் சேர மன்னனோடு சேர்த்துப் பேசுவது எளிது. காரணம் தெரியாத பெயருக்கு ஒரு காரணத்தைக் கட்டிக்கொடுப்பது மனித இயல்பு. ஊர்ப்பெயர்களில் அது அளவுக்கு மீறியே நடக்கும்.

இங்கே தோட்டங்கள் வருவதற்கு முன்பே பல மொழிகள் இருந்தன. பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர், பெட்டக்குறும்பர் ஆகியோரின் பேச்சுகளும், வயநாடன் செட்டி, மவுண்டாடன் செட்டி ஆகிய வேளாண் குடிகளின் பேச்சுகளும், மலையாளமும், கன்னடமும் அருகருகே புழங்கின. 'பணியர்' என்பது வேலை செய்வோர் என்ற பொருளில் பிறர் இட்ட பெயர். நன்னூல் கணக்கில் அது காரணப்பெயர். ஆனால் அந்தக் காரணம் பணியருடையது அல்ல, அவர்களிடம் வேலை வாங்கியவர்களுடையது. பெயர் இடுவோரும் பெயர் சுமப்போரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கும்போது குறிக்குள் அதிகாரமும் சேர்ந்துகொள்கிறது. இலக்கண நூல்கள் தொடாத பகுதி இது.

குறி என்பது சொல்லாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. வயநாட்டில், மானந்தவாடியை அடுத்த வள்ளியூர்க்காவு பகவதி கோயில் திருவிழாவில், நிலவுடைமையாளர் பணியருக்கும் அடியர் என்ற பழங்குடியினருக்கும் 'நில்ப்புப்பணம்' என்று ஒரு தொகை கொடுப்பது வழக்கமாக இருந்தது. அதை வாங்கிக் கொண்டவர் அடுத்த திருவிழா வரை ஓராண்டுக்கு அவரிடமே வேலை செய்தாக வேண்டும். எழுத்தும் கிடையாது, கைநாட்டும் கிடையாது. கை மாறிய காசே ஒப்பந்தம், அம்மன் சாட்சி. அந்தக் காசால் அரிசியும் வாங்கலாம்தான். ஆனால் அந்தக் களத்தில், அந்த நாளில், அதன் பொருள் அரிசி அல்ல, ஓராண்டு உழைப்பு. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இத்தகைய கட்டுகளைக் குற்றமாக்கியது.

அமெரிக்கத் தத்துவவாதி சார்லஸ் சாண்டர்ஸ் பெர்ஸ் குறிகளை மூன்றாகப் பிரித்தார். வரைபடம்போல, குறிக்கப்படும் பொருளை ஒத்திருப்பது ஒன்று. புகை நெருப்பைக் காட்டுவதுபோல, பொருளோடு நேரடித் தொடர்பால் அதைச் சுட்டுவது இன்னொன்று. பழக்கத்தாலும் உடன்பாட்டாலும் மட்டுமே பொருள் தருவது மூன்றாவது. சொற்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வகை. சேரங்கோட்டில் முதல் இரண்டுக்கும் எடுத்துக்காட்டு தேடி அலைய வேண்டியதில்லை. விடியலில் தேயிலை மலைக்கு நடக்கும் பெண்கள் பாதையில் கிடக்கும் யானைச் சாணத்தைப் பார்த்தவுடன் நின்றுவிடுகிறார்கள். ஆவி பறந்தால் யானை பக்கத்தில் நிற்கிறது; மேலே காய்ந்து வண்டு மொய்த்தால் இரவே கடந்துபோய்விட்டது. இதைப் புரிந்துகொள்ள எந்த ஊராரின் உடன்பாடும் தேவையில்லை. 'யானை' என்று ஒருவர் கத்துவதைப் புரிந்துகொள்ள மட்டும் தமிழ் தெரிந்திருக்க வேண்டும்.

பொருளே இல்லாத குறி எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்கும் இந்தப் பகுதியில் ஒரு பழைய கதை உண்டு. 1879 முதல் சில ஆண்டுகள் பந்தலூரிலும் தேவாலாவிலும் தங்க வேட்டை நடந்தது. லண்டனில் நிறுவனங்கள் தொடங்கப்பட்டு, வயநாட்டுத் தங்கத்தின் பெயரில் பங்குச் சீட்டுகள் விற்கப்பட்டன. சீட்டின் பின்னால் இருக்க வேண்டிய தங்கம், செலவுக்குக் கட்டுப்படியாகும் அளவில் மண்ணில் இல்லை. 1882க்குள் எல்லாம் சரிந்தது. காப்பியும் பின்னர் தேயிலையும் நிலைத்தன.

இன்று சேரங்கோட்டுத் தோட்டங்களில் கேட்கும் தமிழின் பெரும்பகுதி உருவானது இங்கே அல்ல, இலங்கையில். 1820களில் கண்டிச் சீமையில் காப்பித் தோட்டங்கள் தொடங்கின. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் ஒரு படைத்தளபதி. அவரே கன்னொறுவையில் காப்பி பயிரிட்டார். தொடக்கக்காலத் தோட்டக்காரர்களில் படைத்துறையைச் சேர்ந்தவர்கள் பலர் இருந்தனர். 1869இல் பரவத் தொடங்கிய இலைநோய் காப்பியை அழித்தது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பகுதிகளிலிருந்து, ஆள் சேர்க்கும் கங்காணிகள் வழியாக ஆட்கள் கொண்டுபோகப்பட்டார்கள்.

அந்தப் பயணத்திலேயே இரண்டு குறிகள் அவர்கள் மேல் ஏறின. ஒன்று தகரம். 1900களின் தொடக்கத்தில் இலங்கைக்குப் புறப்படும் தொழிலாளியின் கழுத்தில் தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லையைத் தொங்கவிடும் முறை வந்தது. அந்த வில்லையைக் காட்டினால் ரயிலும் கப்பலும் சோறும் கிடைக்கும். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். படிக்கத் தெரியாத ஒருவரின் முகவரி அவர் கழுத்திலேயே, அவரால் படிக்க முடியாத எழுத்தில் தொங்கியது. இரண்டாவது துண்டு. ஒரு தோட்டத்துத் துரை, இன்ன தொகையைக் கட்டினால் இந்தக் கங்காணியின் ஆட்களை விடுவிக்கிறேன் என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கங்காணி அந்தத் துண்டோடு வேறு தோட்டத்துக்குப் போவார். அங்குள்ள துரை பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். ஒரு முழம் காகிதம்கூட இல்லாத சீட்டில் ஐம்பது அறுபது பேரின் கடனும் வேலையும் அடங்கின. ஒவ்வொரு தோட்டத்துக்கும் மாறும்போது கடன் கூடியதே தவிரக் குறையவில்லை. 1921இல் இயற்றிய சட்டம் துண்டு முறையை ஒழித்தது. இரண்டு குறிகளிலும் பொதுவான ஒன்று உண்டு: எழுதியவர், வாசித்தவர், சுமந்தவர் என்ற மூவரில் சுமந்தவருக்கு மட்டும் அதன் பொருளில் எந்தச் சொல்லும் இருக்கவில்லை.

வாய்ச்சொற்களின் கதை அப்படி ஒருபக்கமானது அல்ல. அவற்றைத் தொழிலாளர்கள் தங்கள் நாவுக்கு ஏற்ப வளைத்துக்கொண்டார்கள். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிப்பதற்குத் துரைமார் படைமுகாமில் வழங்கிய 'பரேடு' என்ற சொல்லையே பயன்படுத்தினார்கள். அது பெரட்டு ஆனது. நிற்கும் இடம் பெரட்டுக்களம் ஆனது. வரிசைக் குடியிருப்பைக் குறித்த 'லைன்' லயம் ஆனது. சங்கீதத்தில் ஏற்கெனவே இருந்த 'லயம்' என்ற சொல்லோடு அதற்கு எந்த உறவும் இல்லை. ஒலி மட்டும் ஒன்றாகிவிட்டது. லயத்தில் ஒரு குடும்பத்துக்கு உரிய அறை காம்பரா. அது போர்த்துக்கீசியச் சொல். அதிலிருந்து, தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் இடத்துக்குப் பிள்ளைக்காம்பரா என்று பெயர் வைத்தார்கள். அயல்மொழிச் சொல்லின் தலையில் தமிழ்ச் சொல்லை ஏற்றிக் காரணம் விளங்கும் பெயராக்கிக்கொண்ட அழகு அதில் இருக்கிறது. 'தேயிலை' என்ற சொல்லும் இப்படித்தான் அமைந்தது. முன்பாதி சீனத்தின் அமோய்ப் பகுதிப் பேச்சிலிருந்து கப்பல் ஏறி வந்த 'தே'. பின்பாதி தமிழ் இலை.

எதிர்த்திசையிலும் போக்குவரத்து நடந்தது. கண்காணிப்பவர் கங்காணி, காரணம் முழுதும் தெரியும் தமிழ்ச் சொல். ஆங்கிலேயர் அதை எடுத்துக்கொண்டபோது காரணம் கழன்று விழுந்தது. அவர்கள் காதில் அது வெறும் இடுகுறி. தமிழில் 'கூலி' என்பது உழைப்புக்குக் கொடுக்கும் பணம். தோட்டத்து ஆங்கிலத்தில் அது உழைக்கும் ஆளையே குறித்தது.

பெரட்டுக்கு ஆட்களை எழுப்பியது தப்பு. தோட்டத்துப் பறைக்கு அதுவே பெயர். இருட்டு விலகுமுன் லயங்களுக்குக் கேட்கும்படி அடிப்பார்கள். அதே தப்பு கல்யாணத்துக்கும் ஒலிக்கும், சாவுக்கும் ஒலிக்கும், காமன் கூத்துக்கும் ஒலிக்கும். கருவி ஒன்று, அடி வேறு. தூக்கத்தில் இருப்பவர்கூட இது வேலைக்கான அடியா சாவுக்கான அடியா என்று பிரித்து அறிவார். ஒலி தனியாக நின்று பொருள் தருவதில்லை, பிற ஒலிகளிலிருந்து வேறுபடுவதால்தான் பொருள் தருகிறது என்ற சொசூரின் கொள்கைக்கு இதைவிட நல்ல பாடம் வகுப்பறையில் கிடைக்காது.

பெரட்டுக்களத்திலிருந்து செக்ரோல் என்ற வருகைப் பதிவுப் புத்தகத்துக்கு வந்தால் இன்னொரு சொல் காத்திருக்கிறது: பேர். கணக்கப்பிள்ளை அன்றைக்கு வேலைக்கு வந்தவரின் பெயருக்கு நேராகக் குறி போடுவார். அதுதான் ஒரு நாள் சம்பளம். நாளடைவில் சம்பளம் உள்ள வேலை நாளுக்கே பேர் என்று பெயராயிற்று. மாலையில் கூடையை முதுகிலிருந்து இறக்கித் தராசுக் கொக்கியில் மாட்டுவார்கள். முள் நிற்குமுன்னே நிறுப்பவர் எண்ணைச் சொல்வார். கூடைக்கும் ஈரத்துக்கும் என்று சில கிலோ கழியும். மிச்சம் புத்தகத்தில் ஏறும். நிர்ணயித்த அளவுக்குக் குறைந்தால் அரைப்பேர். காலையிலிருந்து மாலைவரை முழு ஆளாக நின்று கொழுந்து எடுத்தவர் புத்தகத்தில் பாதி ஆளாகிவிடுவார். அளவுக்கு மேல் எடுத்ததற்குக் கிடைப்பது கைக்காசு. இலக்கண நூலார் ஆகுபெயர் என்று சொல்லும் வழி இது. பெயர் எழுதுதல் வேலை நாளுக்கு ஆகிவந்தது. ஆனால் ஒருவரின் பெயரையே இரண்டாக வெட்டும் ஆகுபெயருக்கு எந்த உரையிலும் எடுத்துக்காட்டு கிடைக்காது.

துரைமாரும் தமிழ் கற்றார்கள்; எந்தத் தமிழ் என்பதுதான் கேள்வி. புதிதாக வந்த சின்னத்துரைமாருக்காக ஏ. எம். ஃபெர்குசன் தொகுத்த கையேட்டின் தலைப்பே 'இங்கே வா'. 1915இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் தேயிலை, ரப்பர் தோட்டத் துரைமாருக்காக வெளியிட்ட நூலின் பெயர் 'கூலித் தமிழ்'. மரியாதைப் பன்மை, உறவுமுறை, விருப்ப வினைகள் எல்லாம் இருந்த ஒரு மொழியின் ஏவல் ஒருமை மட்டும் அந்தத் துறைக்குத் தேவைப்பட்டது. 'வா' என்பதற்கும் 'வாங்க' என்பதற்கும் அகராதிப் பொருள் ஒன்றே. பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையே உள்ள ஏற்றத்தாழ்வும் அதில் சேர்ந்தே வருகிறது. அதுவும் பொருளின் ஒரு பகுதிதான். இலங்கையில் பிறந்த மானிடவியலாளர் ஈ. வேலன்டைன் டேனியல், தமிழரின் வாழ்வைப் பெர்ஸின் குறிக்கொள்கை வழியாக ஆராய்ந்து 1984இல் நூல் எழுதியவர், தோட்டத் தமிழரின் பேச்சைப் பற்றி 1993இல் ஒரு தனிக் கட்டுரையும் எழுதினார். ஒரே தேயிலைச் செடியைப் பற்றி நிர்வாகம் பேசும் மொழியும் தொழிலாளர் பேசும் மொழியும் எப்படி வேறு உலகங்களைச் சேர்ந்தவை என்பதை அதில் காட்டினார். இலங்கை மலையகத்தின் சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்தார்; கையேடுகளில் இடம்பெறாத தமிழ் முழுவதும் அங்கே இருக்கிறது.

இந்தச் சொற்கள் சேரங்கோட்டுக்கு வந்தது ஓர் ஒப்பந்தத்தால். 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர்களாக இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று முடிவானது. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. இப்படி வருவோருக்கு வேலை தருவதற்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் வனத்துறையின் கீழ் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. அதுவே பின்னர் கழகமாகி, டேன்டீ என்ற பெயரில் வழங்குகிறது. சேரங்கோடு, சேரம்பாடி, கொளப்பள்ளி, நெல்லியாளம், பந்தலூர் எனக் காடு வெட்டித் தேயிலை நட்ட இடங்களில் கண்டியிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் பதுளையிலிருந்தும் வந்த குடும்பங்கள் வேலைக்கு அமர்ந்தன. புறப்படும்போது கொடுத்த குடும்ப அட்டையே அவர்கள் யார் என்பதற்கு ஒரே அத்தாட்சி. தகர வில்லைக்குப் பிறகு ஒரு காகித வில்லை.

வந்த இடத்தில் அதே பொருள்களுக்கு வேறு பெயர்கள் இருந்தன. வயநாட்டுப் பக்கம் வரிசைக் குடியிருப்புக்குப் பாடி என்று பெயர். வந்தவர்கள் லயம் என்றார்கள். இங்கே மஸ்டர், அங்கே பெரட்டு. இங்கே பேக்டரி, அங்கே ஸ்டோரு. இங்கே டீ, அங்கே தேத்தண்ணி. ஒரே சுவர், ஒரே கூரை, ஒரே வேலை. பெயர் மட்டும் இரண்டு. சொல்லுக்கும் பொருளுக்கும் இயற்கையான கட்டு எதுவும் இல்லை என்பதை இந்த இரட்டைப் பெயர்கள் காட்டுகின்றன. எது வழக்கில் நின்றது என்பதை முடிவு செய்தது சொல்லின் சிறப்பு அல்ல. அலுவலகத்து ரிஜிஸ்டரில் எந்தச் சொல் இருந்ததோ அது நின்றது. வீட்டுக்குள் பேசப்பட்டது வீட்டுக்குள் தங்கியது. இளையவர்கள் மஸ்டர் என்றே சொல்கிறார்கள். கொழுந்து, மலை, கங்காணி ஆகியவை இரு பக்கமும் பொதுவாக இருந்ததால் அப்படியே நீடிக்கின்றன. 'மலை' என்பது இங்கும் எண்ணிட்ட தேயிலைப் பாத்திதான். மலையே இல்லாத சமதளப் பாத்தியும் மலைதான்.

மனிதருக்கு இட்ட பெயர்கள் இன்னும் விசித்திரமானவை. இலங்கையில் அவர்களை அரசு ஆவணங்கள் இந்தியத் தமிழர் என்றன. மற்றத் தமிழரில் சிலர் தோட்டக்காட்டான் என்று இழித்துப் பேசினார்கள். நீலகிரிக்கு வந்ததும் அவர்களே சிலோன்காரர் ஆனார்கள். இந்திய அரசின் தாள்களில் தாயகம் திரும்பியோர். மூன்று தலைமுறையாக இலங்கையிலேயே பிறந்து வளர்ந்தவரை 'திரும்பியவர்' என்பது மொழிக்கணக்கில் பொருந்தாத சொல். அரசுகளின் கணக்குக்கு மட்டும் பொருந்தியது. ஆள் மாறவில்லை, எதிரே நிற்பவர்கள் மாறினார்கள். அதனால் குறியின் மதிப்பு தலைகீழானது. அங்கே இந்தியர் என்பதும் இங்கே சிலோன்காரர் என்பதும் ஒரே பொருளைத்தான் தந்தன: இங்கத்தவர் அல்லர்.

நீலகிரி மொழியியல் உலகில் பெயர் பெற்ற இடம். கனடாவில் பிறந்த எம். பி. எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கித் தோடர், கோத்தர், படகர் மொழிகளைப் பதிவு செய்தார். கோத்தர் சமூகத்தைச் சேர்ந்த கே. சுள்ளி சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்ட கதைகள் 1940களில் நூல்களாக வந்தன. தாமஸ் பர்ரோவுடன் சேர்ந்து அவர் 1961இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதி இன்றும் பயன்பாட்டில் உள்ளது. 1956இல் அவர் எழுதிய கட்டுரை, வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த மொழிகள் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தே ஒன்றுபோல் ஆகும் என்பதை இந்தியாவை வைத்து நிறுவியது. இவ்வளவு பெரிய உழைப்பில் தோட்டத் தொழிலாளரின் பேச்சுக்கு இடம் கிடைக்கவில்லை. பழைமையைத் தேடி மலை ஏறிய அறிஞர்கள் தோட்டங்களைத் தாண்டித்தான் போனார்கள். மொழிகள் ஒன்றோடொன்று உரசி மாறுவதைக் கண்ணெதிரே பார்க்கக்கூடிய இடம் அந்தத் தோட்டங்கள்தான் என்பது சற்று வருத்தமான முரண்.

கூடலூர், பந்தலூர்ப் பகுதியின் பழங்குடி மொழிகளும் தாமதமாகவே கவனம் பெற்றன. பெட்டக்குறும்பர் மொழிக்கு முழு இலக்கணம் ஒன்றை கெயில் கோயெலோ தம் முனைவர் ஆய்வாக 2003இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அளித்தார். பணியர் மொழிக்குத் தனி எழுத்து கிடையாது. ஒரே பேச்சை வயநாட்டில் எழுதுபவர் மலையாள எழுத்தில் எழுதுகிறார். எல்லைக்கு இந்தப் பக்கம் பந்தலூரில் எழுதுபவர் தமிழ் எழுத்தை எடுக்கிறார். மலையாள எழுத்தில் க, ங வரிசைக்கு நடுவே மூன்று ஒலிகளுக்குத் தனி வடிவம் உண்டு. தமிழில் ஒரே 'க' எல்லாவற்றுக்கும் நிற்கும். எந்த ஒலி என்பதைப் படிப்பவர்தான் இடம் பார்த்து அறிய வேண்டும். பேச்சு ஒன்றாக இருந்தாலும், சோலாடிச் சோதனைச் சாவடிக்கு இரு பக்கமும் அது இரு வேறு வடிவங்களில் தாளில் ஏறுகிறது.